புதிதாகச் சேர்ந்த அரசுப் பள்ளி ஆசிரியருக்கு: வகுப்பைப் பார்க்க யார் வருவார்கள், எதைப் பார்ப்பார்கள், உதவியை எங்கே கேட்பது

திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு ஒன்றியப் பள்ளியிலோ அரசு உயர்நிலைப் பள்ளியிலோ பணியில் சேர்ந்தால், முதல் வாரத்திலேயே யாராவது மூத்தவர் சொல்லிவிடுவார்: "பதிவேட்டை மட்டும் சரியா வச்சுக்கோங்க டீச்சர், மத்ததெல்லாம் போகப் போகப் பார்த்துக்கலாம்." நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் அதை அப்படியே பிடித்துக்கொண்ட பலர், பத்து வருடம் கழித்தும் பதிவேடு மட்டும் சரியாக இருக்கிற ஆசிரியராகவே நின்றுவிடுகிறார்கள். ஆய்வுக்கு வருபவரைச் சமாளிப்பது ஒரு வேலை. அவர் வருகையைப் பயன்படுத்தி உங்கள் கற்பித்தலை ஒரு படி மேலே கொண்டுபோவது வேறு வேலை. இந்த வழிகாட்டி இரண்டாவது வேலைக்கானது. வழியில் முதலாவதும் நடந்துவிடும்.

1. யார் எதற்கு வருகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

வகுப்புக்குள் வருபவர் எல்லோரையும் ஒரே கண்ணால் பார்ப்பதுதான் புதியவர்களிடம் நான் காணும் பெரிய குழப்பம். நாற்காலியைத் துடைத்துப் போட்டு, பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்லி, நாமும் கை கட்டி நின்றுவிடுகிறோம். வருபவர்களை இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு வகை, நிர்வாக அதிகாரம் உள்ளவர்கள். தொடக்க, நடுநிலைப் பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலர். அவருக்கு மேலே மாவட்டக் கல்வி அலுவலர். தொடக்கக் கல்விக்கும் இடைநிலைக்கும் தனித்தனியாக உண்டு. எல்லாருக்கும் மேலே முதன்மைக் கல்வி அலுவலர். பாளையங்கோட்டை, மானூர், பாப்பாக்குடி, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, களக்காடு, நாங்குநேரி, வள்ளியூர், ராதாபுரம் என்று மாவட்டத்தில் ஒன்பது ஒன்றியங்கள். உங்கள் ஒன்றியத்தின் அலுவலர் யார், அலுவலகம் எங்கே என்பது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதிலிருந்து சங்கரன்கோவில், கடையநல்லூர் பக்கத்துப் பள்ளிகளுக்கு நிர்வாகம் தென்காசியில்.

இன்னொரு வகை, கல்வி உதவிக்காக வருபவர்கள். ஒன்றிய அளவில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் உதவியும் தருகிற வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர் இதில் முதலாமவர். மூலைக்கரைப்பட்டியை அடுத்த முனைஞ்சிப்பட்டியில் இருக்கிற மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம், அதாவது எல்லோரும் சொல்கிற டயட், அதன் விரிவுரையாளர்கள் அடுத்து. ஆசிரியர் பயிற்றுநரால் உங்கள் ஊதிய உயர்வைத் தொட முடியாது. உங்கள் வகுப்பில் எது ஓடவில்லை என்று அவரிடம் தயங்காமல் சொல்லலாம். சொல்லத்தான் வேண்டும். அவரையும் அதிகாரியாக நினைத்து எல்லாம் நன்றாகப் போகிறது என்று சொல்லி அனுப்பினால், தேடி வந்த நேரடி உதவியை வாசலிலேயே திருப்பி அனுப்பியதாக ஆகும்.

இந்த இரண்டிலும் சேராதவர் ஒருவர் இருக்கிறார், தலைமையாசிரியர். அதிகாரமும் அவரிடம்தான், தினசரி உதவியும் அவரிடம்தான். ஈராசிரியர் பள்ளியில் அவரும் உங்களைப் போலவே இரண்டு மூன்று வகுப்பைக் கையில் வைத்துக்கொண்டிருப்பார். அவர் உங்கள் வகுப்பைப் பார்க்க வரவில்லை என்றால் அக்கறையில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், நீங்களே கூப்பிடுங்கள்.

நிதியுதவி பெறும் பள்ளிகள் நெல்லையில் மிக அதிகம். அங்கே நியமனமும் ஒழுங்கு நடவடிக்கையும் நிர்வாகத்தின் கையில் தொடங்கும். கல்வி ஆய்வுக்கு வருபவர்கள் இதே ஆட்கள்தான்.

2. சட்டம் உங்களிடம் கேட்பது என்ன

நீங்கள் எதற்கு மதிப்பிடப்படுகிறீர்கள் என்பதன் அடித்தளம் 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். அதன் 24ஆம் பிரிவை ஒருமுறை முழுசாகப் படியுங்கள், அரைப் பக்கம்தான். நேரத்துக்கு வருவது, பாடத்திட்டத்தைக் குறித்த காலத்தில் முடிப்பது, ஒவ்வொரு பிள்ளையின் கற்றல் திறனையும் அறிந்து தேவைப்பட்டால் கூடுதலாகச் சொல்லிக்கொடுப்பது, பெற்றோரைச் சந்தித்துப் பிள்ளையின் வருகையையும் முன்னேற்றத்தையும் சொல்வது. ஆய்வுப் படிவம் எத்தனை பக்கம் நீண்டாலும் கடைசியில் இந்த நான்கைத்தான் சுற்றி வரும். ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், ஆறு முதல் எட்டு வரை 220 நாள் என்பதும் அதே சட்டத்தின் அட்டவணையில்தான் இருக்கிறது.

27ஆம் பிரிவு உங்களைக் காப்பது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர மற்ற கல்விசாராப் பணிகளுக்கு ஆசிரியரை அனுப்பக்கூடாது என்கிறது. நடைமுறை எப்படி என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் ஒன்று செய்யுங்கள்: வகுப்பு எடுக்க முடியாமல் போன ஒவ்வொரு நாளையும், காரணத்தோடு, நடத்திய பாடங்களைக் குறிக்கிற பணி முடித்த பதிவேட்டிலேயே ஒரு வரி எழுதுங்கள். "ஏன் இந்தப் பாடம் முடியவில்லை" என்று கேட்கும்போது நினைவிலிருந்து பதில் சொன்னால் சாக்கு மாதிரிதான் கேட்கும். தேதியோடு எழுதியதைக் காட்டினால் கேள்வி அங்கேயே முடிந்துவிடும்.

3. பதிவேடுகளுக்கு ஒரு நேரம் ஒதுக்கி அதோடு நிறுத்துங்கள்

பாடக்குறிப்பு, பணி முடித்த பதிவேடு, மாணவர் வருகை, மதிப்பெண் பதிவேடு, திருத்திய ஏடுகள், எமிஸ் என்கிற கல்வித் துறை இணையத் தளப் பதிவுகள். பள்ளி முடிந்து அரை மணி நேரம் தினமும் உட்கார்ந்தால் இவை தேங்காது. வாரக் கடைசியில் சேர்த்துச் செய்யலாம் என்று விட்டால், வகுப்பு நேரத்தில் செல்போனும் கையுமாக நிற்கும்படி ஆகும்.

பாடக்குறிப்பைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். போன வருடத்து நோட்டைப் பார்த்து எழுதிய குறிப்பு எந்த அலுவலருக்கும் பார்த்த உடனே தெரிந்துவிடும். அழகாக இருக்க வேண்டியதில்லை. மூன்று விஷயம் அதில் இருந்தால் போதும்: இன்று பிள்ளை எதைச் செய்யத் தெரிந்துகொண்டு போக வேண்டும், எந்த இடத்தில் தடுமாறுவான், தெரிந்துகொண்டானா என்று கடைசி ஐந்து நிமிடத்தில் எப்படிப் பார்க்கப் போகிறேன். இரண்டாவதை எழுதுபவர்கள் அபூர்வம். எழுதிப் பாருங்கள், பாடமே வேறு மாதிரி நடக்கும்.

4. வகுப்பறை உற்றுநோக்கல்: மெய்யான வேலை இங்கேதான்

பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் எண்ணும் கைவரச் செய்வதற்கான எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்த பிறகு தொடக்க வகுப்புகளில் பின்னால் வந்து உட்கார்ந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது. வருபவர் செயலியில் குறிப்பு ஏற்றுவார்: பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிந்து வேலை செய்கிறார்களா, துணைக்கருவி கையில் இருக்கிறதா, பயிற்சி நூல் நிரப்பப்பட்டிருக்கிறதா. அந்தக் கட்டங்கள் நிரம்பும். ஆனால் உங்கள் கற்பித்தல் எங்கே கசிகிறது என்பது அந்தக் கட்டங்களில் பெரும்பாலும் தெரியாது. அதை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாம் வகுப்பு, கடன் வாங்கிக் கழித்தல் என்று வைத்துக்கொள்வோம். பலகையில் 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொல்கிறார் டீச்சர். தானே ஒருமுறை செய்து காட்டுகிறார். "புரிஞ்சுதா?" "புரிஞ்சுது டீச்சர்!" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்கிறது. அடுத்த கணக்குக்குப் போகிறார். பின்னால் உட்கார்ந்திருப்பவர் பக்கத்துப் பையனின் சிலேட்டை எட்டிப் பார்த்தால் 35 என்று எழுதியிருக்கிறான். அவன் கவனிக்காமல் எழுதியதில்லை அது. 2இலிருந்து 7 போகாது, ஆகவே 7இலிருந்து 2ஐ எடுத்தான், 5. அப்புறம் 5இலிருந்து 2, 3. பெரியதிலிருந்துதான் சின்னதைக் கழிக்க வேண்டும் என்று முன்பு நாம் சொல்லிக்கொடுத்த விதியை உண்மையாகப் பின்பற்றியிருக்கிறான். அவன் பக்கத்தில் இருக்கிற இன்னும் நாலு பேருக்கும் 35தான். "புரிஞ்சுது" என்று கத்தியதில் அவர்கள் குரலும் இருந்தது.

இந்த டீச்சருக்கு "துணைக்கருவி பயன்படுத்தவும்" என்று பார்வைப் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போவதால் ஒரு பயனும் இல்லை. "இத்தனை சிலேட்டில் 35 இருந்தது, காரணம் இது" என்று காட்டினால், அவரே மறுநாள் ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கொண்டுவந்து, ஒரு கட்டைப் பிரித்தால்தான் ஏழு குச்சி எடுக்க முடியும் என்று பிள்ளைகள் கையாலேயே பிரிக்க வைப்பார். ராதாபுரம் பக்கம் பனை ஈர்க்குக்கா பஞ்சம்?

ஆகவே யார் பார்க்க வந்தாலும், வகுப்பு தொடங்குவதற்கு முன்பே ஒரு வேலை கொடுங்கள். ஆய்வு அதிகாரியிடம் இதைக் கேட்கக் கூச்சமாக இருந்தால் ஆசிரியர் பயிற்றுநரிடமோ பக்கத்து வகுப்பு ஆசிரியரிடமோ கேளுங்கள். அந்த வேலை இதுதான்: ஒரு தாளில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற இடங்களை வரைந்து, பெயர் எழுதிக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் ஒரு பிள்ளையின் பெயர் சொல்லிக் கேள்வி கேட்டால் அந்தப் பெயருக்குக் கீழே ஒரு கோடு. அந்தப் பிள்ளை தானாகக் கேள்வி கேட்டால் ஒரு வட்டம். பாடம் முடிந்ததும் தாளை வாங்கிப் பாருங்கள். கோடுகள் பெரும்பாலும் முன்வரிசையிலும், நன்றாகப் படிக்கிற சிலரிடமும் குவிந்திருக்கும். ஒரு கோடுகூட விழாத பிள்ளைகள் யார் என்று பாருங்கள். பீடி சுற்றும் அம்மாவுக்கு நூல் கட்டிக் கொடுத்துவிட்டுத் தாமதமாக வருகிறவள், பேசத் தயங்குகிறவன், போன மாதம் வேறு ஊரிலிருந்து வந்து சேர்ந்தவன். எந்தச் செயலியும் இதைக் காட்டித் தராது.

பாடம் நடக்கும்போது நடிக்க வேண்டாம். அதிகாரி வருகிறார் என்று ஏற்கெனவே முடித்த பாடத்தை மறுபடி எடுத்துக் காட்டுவது பல ஊரில் உண்டு. பிள்ளைகளுக்கும் அது தெரிகிறது. கேள்வி முடிவதற்குள் பதில் வருகிற வகுப்பைப் பார்த்து உங்களுக்கு யாராலும் எந்த உதவியும் செய்ய முடியாது.

5. பார்த்த பிறகு நடக்கிற பேச்சு

உற்றுநோக்கலின் பலன் முழுவதும் அதற்குப் பிறகு நடக்கிற பத்து நிமிடப் பேச்சில் இருக்கிறது. வேகமாக வந்தார், கையெழுத்துப் போட்டார், அடுத்த பள்ளிக்குப் போய்விட்டார் என்றால் அது ஆய்வு, அவ்வளவுதான். அவரை மதிய உணவு இடைவேளை வரை பிடித்து உட்கார வையுங்கள்.

பொதுவாகப் பாராட்டினால் மகிழ்ந்துகொள்ளுங்கள், ஆனால் அதோடு விடாதீர்கள். "எந்த இடத்தில் பிள்ளைகள் கவனம் போச்சு சார்?" என்று கேளுங்கள். "எந்தப் பிள்ளைக்குப் புரியலைன்னு உங்களுக்குத் தோணுச்சு?" என்று கேளுங்கள். பெயர் சொல்லிப் பதில் வந்தால் அவர் பார்த்திருக்கிறார். குறை சொன்னால் உடனே விளக்கம் சொல்லத் தொடங்க வேண்டாம். முதலில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போது மனசு ஆறிவிடும்.

பேச்சின் முடிவில் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் முடிவு செய்யுங்கள். ஏழெட்டு ஆலோசனைகள் வரும். எல்லாவற்றையும் பிடிக்கப் போனால் எதுவும் நிற்காது. "புரிஞ்சுதா என்று கேட்பதை விட்டுவிட்டு, எல்லோரையும் சிலேட்டைத் தூக்கிக் காட்டச் சொல்வேன்" என்பது போல, மறுநாளே செய்யக்கூடியதாக இருக்கட்டும். இரண்டு வாரம் செய்யுங்கள். அதன்பிறகு அதே ஆளையோ தலைமையாசிரியரையோ அந்த ஒன்றை மட்டும் பார்க்க வரச் சொல்லுங்கள். அது நிலைத்த பிறகு அடுத்தது.

தனியாகச் செய்துகொள்ள ஒரு கருவியும் இருக்கிறது. தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழு 2013இல் தொடக்கக் கல்வி ஆசிரியர்களுக்காகப் பிண்டிக்ஸ் என்ற சுயமதிப்பீட்டுப் படிவத்தைத் தயாரித்தது. பாடத்தைத் திட்டமிடுவது, பாட அறிவு, கற்பிக்கும் உத்தி, பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் பழகும் விதம், தொழில் வளர்ச்சி, பள்ளி வளர்ச்சியில் பங்கு, வருகை என்று ஏழு பகுதிகளில் நான்கு நிலை மதிப்பீடு. ஆண்டில் இரண்டு முறை, யாருக்கும் காட்டாமல் உங்களுக்காக மட்டும் நிரப்பிப் பாருங்கள். முதலாவதையும் இரண்டாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நிறையத் தெரியும்.

6. மதிப்பெண்ணை எப்படிப் படிப்பது

மாணவர் மதிப்பெண்ணை வைத்து ஆசிரியர் சம்பளத்தைக் கூட்டிக் குறைக்கிற முறை நம்மிடம் இல்லை. அதனால் மதிப்பெண்ணுக்குப் பயப்பட வேண்டியதில்லை. பருவம் நடக்கும்போதே செய்கிற வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ முடிவில் வைக்கிற தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று வருகிற எண்களில், வளரறி 40ஐ எல்லோருக்கும் 38, 39 என்று போட்டுவிட்டால் உங்களுக்கே ஒரு தகவலும் மிஞ்சாது. பிள்ளையின் உண்மை நிலையை எழுதுங்கள்.

எண்ணும் எழுத்தும் வகுப்பிலும் இதே கதைதான். அரும்பு நிலையில் இருக்கிற பிள்ளையை மொட்டு என்று ஏற்றினால், அவனுக்கு வேண்டிய பயிற்சி அவன் கைக்கு வராது. 2025 பிப்ரவரியில் 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு மாநில அடைவுத் தேர்வு நடந்தது. அப்படிப்பட்ட தேர்வின் முடிவு பள்ளிக்கு வரும்போது மொத்தச் சதவீதத்தைப் பார்ப்பதைவிட, எந்தக் கற்றல் விளைவில் பாதிப் பேருக்கு மேல் தவறியிருக்கிறார்கள் என்று பாருங்கள். அது பிள்ளைகளின் குறை என்பதைவிடப் பாடம் நடந்த விதத்தின் குறையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

7. நெல்லையில் ஆசிரியரை எடைபோட இன்னொரு அளவு உண்டு

வகுப்புக்குள் சாதி எப்படி நடமாடுகிறது என்பதை எந்தப் படிவமும் கேட்பதில்லை, ஆனால் நம் ஊரில் இதைத் தாண்டிப் போக முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதையடுத்து அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களின் ஒருநபர்க் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுப்பது, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இல்லாமல் வைப்பது, அகர வரிசையில் உட்கார வைப்பது போன்றவை அதன் பரிந்துரைகள்.

உங்கள் வகுப்பில் இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பிள்ளைகள் தாமாக உட்காரும்போது தெரு வாரியாக உட்காருகிறார்களா? குடிதண்ணீர் எடுத்து வர, வகுப்பைக் கூட்ட எப்போதும் ஒரே சில பிள்ளைகள் பெயர்தான் உங்கள் வாயில் வருகிறதா? மேலே சொன்ன அந்தத் தாளில் கோடு விழாத பிள்ளைகள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள்? இந்தக் கடைசிக் கேள்வி கஷ்டமானது. ஆனால் பாடம் எவ்வளவு சிறப்பாக நடந்தாலும் இதில் தோற்றால் அந்த வகுப்பு தோற்றதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மாணவர் உதவிக்கு 14417, குழந்தைகள் பாதுகாப்புக்கு 1098 ஆகிய எண்களைப் பிள்ளைகள் கண்ணில் படுகிற உயரத்தில் எழுதி வையுங்கள். கயிறு கட்டிய பையனை வகுப்பு நடுவே நிறுத்தி அறுப்பது தீர்வாகாது. தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள், வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள், தலைமையாசிரியரை உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

8. உதவி கிடைக்கிற இடங்கள்

சுற்றுப் பள்ளி ஆசிரியர்கள் கூடிப் பயிற்சி பெறுகிற குறுவள மையக் கூட்டம் பலருக்கு ஒரு சனிக்கிழமை போகிறதே என்ற அலுப்பாகத்தான் இருக்கிறது. வெறுங்கையோடு போனால் அப்படித்தான் இருக்கும். உங்கள் வகுப்பிலிருந்து மூன்று பிள்ளைகளின் ஏடுகளை எடுத்துப் போங்கள்: நன்றாகச் செய்தவன், நடுத்தரம், மெல்லக் கற்பவன். தேநீர் இடைவேளையில் அதே வகுப்பு எடுக்கிற இன்னொருவரிடம் காட்டி, "உங்க பிள்ளைங்க இதை எப்படி எழுதுறாங்க?" என்று கேளுங்கள். நாள் முழுக்கக் கேட்ட உரைகளைவிட இந்தப் பத்து நிமிடம் பலன் தரும்.

பக்கத்துப் பள்ளியில் ஒருவர் நன்றாகக் கணக்கு எடுக்கிறார் என்று கேள்விப்பட்டால், தலைமையாசிரியர் அனுமதியோடு அரை நாள் போய்ப் பார்த்து வாருங்கள். டயட்டில் செயலாராய்ச்சி செய்ய ஆசிரியர்களுக்கு வழிகாட்டுகிறார்கள். உங்கள் வகுப்பின் சிக்கல் ஒன்றைக் கேள்வியாக எழுதிக்கொண்டு முனைஞ்சிப்பட்டிக்குப் போங்கள். மேல் வகுப்புக்குப் பாடம் எடுப்பவர்கள், மாநிலக் கல்வியியல் நிறுவனம் 2023இல் வெளியிட்ட மணற்கேணி செயலியின் காணொளிகளை முதலில் தாங்கள் பார்த்துவிட்டு வகுப்பில் போடுவது நல்லது.

பெற்றோரையும் உதவியாளர்களாக எண்ணுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். முக்கூடல், வீரவநல்லூர் பக்கம் கூட்டத்துக்கு ஆள் வரவில்லை என்று வருத்தப்படுபவர்கள், பீடிக் கடையில் பீடி ஒப்படைக்கிற நேரத்தில் கூட்டம் போட்டிருக்கிறார்களா என்று பார்க்கட்டும். உவரி, கூத்தங்குழி போன்ற கடற்கரை ஊர் என்றால் படகுகள் கரை திரும்புகிற நேரமா என்று பார்க்கட்டும். நேரத்தை மாற்றினாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். வந்த தாய்மாரிடம் மதிப்பெண்ணை வாசிக்காமல், பிள்ளையின் ஏட்டைத் திறந்து, ஜூனில் எழுதியதையும் இப்போது எழுதுவதையும் காட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கும் அந்த வித்தியாசம் தெரியும்.

9. பணிப்பதிவேடு, குறிப்பாணை, தகுதித் தேர்வு

பணியில் சேர்ந்ததும் தகுதிகாண் பருவம்: தொடர்ச்சியான மூன்று ஆண்டுக்குள் இரண்டு ஆண்டுப் பணி. நியமனத்தை முறைப்படுத்துகிற பணிவரன்முறை ஆணை, சான்றிதழ்களின் உண்மைத்தன்மைச் சான்று, தகுதிகாண் பருவம் முடித்த ஆணை ஆகிய மூன்றும் பணிப்பதிவேட்டில் ஏறிவிட்டதா என்று நீங்களே கண்ணால் பாருங்கள். பத்து ஆண்டில் தேர்வுநிலை, இருபதில் சிறப்புநிலை என்று ஊதிய நிலை உயரும்போது அலைச்சல் எல்லாம் இந்தப் பதிவுகளில் விட்ட இடைவெளியால்தான் வருகிறது.

அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தால் பதறவும் வேண்டாம், பையில் போட்டு மறக்கவும் வேண்டாம். குறித்த நாளுக்குள் நடந்ததை மட்டும் தேதியோடு எழுதி விளக்கம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள். ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 17அ என்பது சிறு தண்டனைகளுக்கு, 17ஆ என்பது விசாரணையோடு கூடிய பெருந்தண்டனைகளுக்கு. இரண்டாவது வந்தால் அனுபவமுள்ள சங்க நிர்வாகி ஒருவரைப் பார்க்காமல் ஒரு வரிகூட எழுத வேண்டாம்.

ஆசிரியர் தகுதித் தேர்வு இப்போது பணியில் இருக்கும் மூத்தவர்களைத்தான் அதிகம் உலுக்கியிருக்கிறது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஐந்து ஆண்டுக்குள் ஓய்வு பெறுபவர்கள் தேர்ச்சி இல்லாமல் தொடரலாம், பதவி உயர்வு மட்டும் கிடையாது. தமிழ்நாடு அரசு மறுஆய்வு மனு போட்டது. புதிதாக வந்தவர்கள் ஏற்கெனவே தேர்ச்சி பெற்றவர்கள். உங்கள் பள்ளியிலேயே 20 வருடம் பாடம் எடுத்த ஒரு அக்காவோ அண்ணாச்சியோ குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறைகளும் பகுதியைப் பார்த்துத் திகைத்து உட்கார்ந்திருந்தால், மாலையில் அரை மணி நேரம் சேர்ந்து படியுங்கள். முதல் தாள் ஒன்று முதல் ஐந்து வகுப்புக்கு, இரண்டாம் தாள் ஆறு முதல் எட்டுக்கு. இரண்டிலும் அந்தப் பகுதி உண்டு. நீங்கள் அவருக்கு அதைச் சொல்லிக்கொடுங்கள், அழுகிற முதல் வகுப்புப் பிள்ளையை எப்படி உட்கார வைப்பது என்று அவர் உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்.